சகலைக்குக் கொடுத்தது கடனா, அன்பளிப்பா? அமெரிக்க வரிக் கணக்கில் வாராக்கடனை மெய்ப்பிப்பது எப்படி?

எடிசன்வாசி
அனைவருக்கும் வணக்கம். நான் நியூ ஜெர்சியில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். 2021 மார்ச்சில், டெக்சஸில் சிற்றுண்டிக் கடை தொடங்கிய என் சகலைக்கு 30,000 டாலர் அனுப்பினேன். புரோநோட்டு எழுதிக்கொள்ளவில்லை, வட்டியும் பேசவில்லை. "ரெண்டு வருஷத்துல மொத்தமாத் தீர்த்துடறேன் அண்ணா, கடை திறந்ததும் மாசம் ஐநூறு அனுப்பறேன்" என்று அவர் வாட்ஸாப்பில் அனுப்பிய செய்தி மட்டுமே எழுத்தில் இருக்கிறது. சொன்னபடி எட்டு மாதங்கள் 500 டாலர் வந்தது. 2022 மே மாதத்தோடு நின்றுவிட்டது. 2023 ஆகஸ்டில் கடை வாடகை பாக்கி என்றபோது மேலும் 10,000 கொடுத்தேன். அந்த நவம்பரில் கடையை மூடினார்கள். 2024 பிப்ரவரியில் அவர் சாப்டர் 7 (இருக்கும் சொத்தை விற்றுப் பங்கிட்டு, மீதிக் கடன்களிலிருந்து விடுபடும் முறை) திவால் மனு தாக்கல் செய்து, ஜூனில் கடன்களிலிருந்து விடுவிக்கப்பட்டார். திரும்பி வந்த 4,000 போக 36,000 டாலர் போனது போனதுதான்.

2024-க்கான வரிக் கணக்கை இந்த ஏப்ரலில் தாக்கல் செய்தபோது இதைக் காட்டவில்லை. இதை வாராக்கடனாகக் காட்டிக் கழித்துக்கொள்ள முடியும் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். பத்திரம் இல்லாத நிலையில் இது கடன்தான் என்று நான் எதைக் கொண்டு மெய்ப்பிப்பது?

கணக்குத்துணை
வணக்கம். வரிக் கணக்குத் தாக்கல் செய்து தருவது என் தொழில் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வரிச் சட்டத்தின் 166-ஆவது பிரிவுதான் வாராக்கடனைப் பற்றியது. கடன் கொடுப்பது உங்கள் தொழில் அல்ல என்பதால் உங்களுடையது தொழில்சாராக் கடன். அதில் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. முதலாவது, கடன் முழுவதும் மதிப்பிழந்திருக்க வேண்டும். பாதி வரும், பாதி வராது என்ற நிலையில் எதையும் கழிக்க முடியாது. இரண்டாவது, கடன் எத்தனை ஆண்டு பழையதாக இருந்தாலும் அந்த நட்டம் குறுகிய கால மூலதன நட்டமாகவே கருதப்படும். பங்கு விற்ற லாபம் இருந்தால் அதோடு நேர் செய்யலாம். லாபம் இல்லையென்றால் சம்பள வருமானத்திலிருந்து ஆண்டுக்கு 3,000 டாலர் மட்டுமே கழியும், மீதி அடுத்தடுத்த ஆண்டுகளுக்குப் போகும். கணவன், மனைவி சேர்ந்து தாக்கல் செய்தாலும் அதே 3,000தான். தலைக்கு 3,000 என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள்.

இவையெல்லாம் அது உண்மையான கடன் என்று நிலைநாட்டிய பிறகு வரும் கணக்கு. குறிப்பிட்ட தொகையைத் திருப்பித் தந்தே ஆகவேண்டும் என்ற, சட்டப்படி வற்புறுத்தக்கூடிய கடப்பாடு இருந்தால்தான் அது கடன் என்கிறது விதி. மெய்ப்பிக்கும் பொறுப்பு உங்களுடையது. குடும்பத்துக்குள் கைமாறிய பணம் அன்பளிப்பே என்ற அனுமானத்தோடுதான் ஆராயத் தொடங்குவார்கள். அதை உடைக்கவேண்டியவர் நீங்கள். ஆனால் பத்திரம் இல்லை என்ற ஒரே காரணத்தால் கதவு மூடிவிடுவதில்லை. பணம் கைமாறிய நாளிலும் அதன் பிறகும் நீங்கள் இருவரும் கடன் கொடுத்தவராகவும் வாங்கியவராகவும் நடந்துகொண்டீர்களா என்பதையே பார்ப்பார்கள்.

ஆகவே நான் கேட்பவை: பணம் அனுப்பியபோது வங்கிக் குறிப்பில் என்ன எழுதினீர்கள்? தவணை நின்றபின் கேட்டீர்களா? திவால் மனுவில் உங்கள் பெயர் இருக்கிறதா?

உப்புக்காற்று
இதற்கு ஏன் இவ்வளவு சுற்றிவளைக்க வேண்டும்? சகலைதானே, 2021 மார்ச் தேதி போட்டு ஒரு புரோநோட்டில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கூடவே, பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பதிவுத் தபாலில் ஒரு கடிதமும் இன்றே அனுப்பிவிடுங்கள். கேட்டதற்கு அத்தாட்சி ஆகிவிடும்.

கணக்குத்துணை
நண்பர் உப்புக்காற்று நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டுமே செய்யக்கூடாதவை.

இன்று எழுதிய தாளில் 2021 தேதியைப் போடுவது மோசடி. வரிக் கழிவு மறுக்கப்படுவதோடு அது நிற்காது. நடந்ததை இன்றைய தேதியிட்டு "2021 மார்ச்சில் இவ்வளவு கடனாகப் பெற்றேன்" என்று அவர் ஒப்புகைக் கடிதம் எழுதித் தருவதில் தவறில்லை என்றாலும், எல்லாம் முடிந்தபின் உறவினர் எழுதித் தரும் காகிதத்தை எவரும் பெரிதாக மதிக்கமாட்டார்கள்.

கடிதம் அனுப்பும் யோசனை அதைவிட ஆபத்தானது. திவால் மனு தாக்கலான நொடியிலிருந்தே கடன் கேட்பதற்குத் தடை விழுந்துவிடுகிறது. விடுவிப்பு ஆணை வந்தபின் அந்தத் தடை நிரந்தரமாகிறது. இப்போது பணம் கேட்டுக் கடிதம் எழுதினால் எடிசன்வாசி நீதிமன்ற ஆணையை மீறியவர் ஆவார். கேட்டதற்கான சான்று 2024 பிப்ரவரிக்கு முன்பே இருந்திருக்க வேண்டும்.

எடிசன்வாசி
நல்ல வேளை, கேட்டேன். கடித வாசகத்தைப் பாதி எழுதியே வைத்திருந்தேன்.

கேட்ட மூன்றுக்கும் பதில். 2021 மார்ச்சில் வங்கி வழியாக வயர் அனுப்பியபோது குறிப்பில் "ரெஸ்டாரன்ட் லோன்" என்று போட்டிருக்கிறேன்; அது வங்கி அறிக்கையிலும் இருக்கிறது. தவணை நின்றபின் 2022 ஜூன், 2022 ஜூலை, 2023 ஜனவரி என்று மூன்று முறை கேட்டிருக்கிறேன். "இந்த மாசமும் வரலையே, எப்ப அனுப்பறீங்க?" என்ற அளவில்தான். திவால் மனுவை நான் பார்க்கவில்லை. ஆனால் நீதிமன்றத்திலிருந்து எனக்கு ஓர் அறிவிப்புத் தபால் வந்தது. பங்கிட்டுக் கொடுக்கச் சொத்து எதுவும் இல்லை, எனவே கோரிக்கை தாக்கல் செய்யவேண்டாம் என்று அதில் இருந்தது.

கணக்குத்துணை
அந்தத் தபாலை எக்காரணம் கொண்டும் தொலைத்துவிடாதீர்கள். கடன் கொடுத்தோர் பட்டியலில் உங்கள் பெயர் இருந்ததால்தான் அது உங்களுக்கு வந்தது. பிணையில்லாக் கடன்களைக் காட்டும் அட்டவணை ஈ/எஃப் என்று ஒரு படிவம் திவால் மனுவோடு இருக்கும். பொய் சொன்னால் தண்டனை என்ற உறுதிமொழியின் கீழ் "இன்னாருக்கு இவ்வளவு தரவேண்டும்" என்று உங்கள் சகலையே அதில் எழுதியிருப்பார். பத்திரம் இல்லாத குறையை இதைவிட நன்றாக ஈடுகட்டும் ஆவணத்தை நான் என் அனுபவத்தில் அதிகம் கண்டதில்லை.

அதன் நகலை எடுக்க டெக்சஸ் போகத் தேவையில்லை. கூட்டரசு நீதிமன்றங்களின் பேசர் இணையதளத்தில் கணக்குத் தொடங்கினால், பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். காலாண்டில் 30 டாலருக்கு மேல் போகாவிட்டால் அந்தக் கட்டணமும் இல்லை.

தோசைக்கல்_டாலஸ்
இந்த இழையை ஐந்து ஆண்டுகளுக்கு முன் படித்திருந்தால் எனக்கு உதவியிருக்கும். என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என் சொந்தத் தம்பிக்கு 18,000 டாலர் கொடுத்திருந்தேன். அவனுக்கு வேலை போய், வீடும் கைவிட்டுப் போனபின் அதை வாராக்கடனாகக் காட்டினேன். தணிக்கைக் கடிதம் வந்தது, கேட்ட ஆவணங்களை அனுப்பினேன், கழிவு மறுக்கப்பட்டது. அந்த முடிவில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை, ஏனென்றால் நான் அனுப்பிய காகிதங்களே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லின. பணம் அனுப்பிய அன்று நான் அவனுக்கு எழுதியது: "உன்கிட்ட இருக்கும்போது கொடு, அவசரமில்லை." அவன் கல்யாணத்துக்கு முதல் வாரம் எழுதியது: "அந்தப் பணத்தை மறந்துடு, என் சீர்னு வெச்சுக்கோ." அண்ணனாக அதை எழுதியதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. ஆனால் "இருக்கும்போது கொடு" என்றால் இல்லாதபோது தரவேண்டியதில்லை என்று ஆகிறது. திருப்பித் தந்தே தீரவேண்டிய கடப்பாடு அங்கேயே இல்லாமல் போயிற்று. நானாக மனமுவந்து விட்டுக்கொடுத்த தொகை அன்பளிப்பு, அது வாராக்கடன் ஆகாது.

நம் ஊர்ப் பேச்சில் கடன் கொடுக்கும்போது முதலில் வாயில் வருவது அந்த "முடிஞ்சப்ப கொடுங்க" என்ற சொல்தான். மரியாதைக்குச் சொல்வது, மொழிபெயர்த்துப் படிப்பவருக்கு அது மரியாதையாகத் தெரியாது.

சட்டப்பித்தன்
தோசைக்கல் அவர்கள் சொன்னதற்கு வழக்குகளின் பின்னணியைச் சேர்க்கிறேன்.

நிறுவனங்களுக்கு உள்ளே போகும் பணம் கடனா, முதலீடா என்பதற்கு 1972-இல் ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் மிக்சன் எஸ்டேட் (இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து) வழக்கில் 13 அளவுகோல்களைச் சொன்னது. குடும்பத்துக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு, வரி நீதிமன்றம் 1996-இல் மில்லர் வழக்கில் எண்ணிச் சொன்ன ஒன்பது அளவுகோல்களையே இன்று பெரும்பாலும் எடுத்துக்காட்டுகிறார்கள். கடன் பத்திரம், வட்டி, பிணை, தவணை முடியும் தேதி, திருப்பிக் கேட்டது, உண்மையில் திரும்பி வந்தது, வாங்கியவருக்குத் திருப்பித் தரும் சக்தி இருந்தது, இருவர் கணக்கிலும் கடனாக எழுதப்பட்டது, வரிக் கணக்கிலும் அதற்கு முரணில்லாமல் காட்டப்பட்டது ஆகியவையே அவை. எதுவும் தனித்துத் தீர்ப்பைத் தீர்மானிப்பதில்லை. ஒன்பதில் ஐந்து தேறினால் வெற்றி என்ற கணக்கும் இல்லை.

எடிசன்வாசியிடம் பத்திரம், வட்டி, பிணை மூன்றும் இல்லை. இரண்டு ஆண்டு என்ற கெடு இருக்கிறது. கேட்ட சான்று இருக்கிறது. எட்டுத் தவணை வந்திருக்கிறது. என் மதிப்பீட்டில் அந்த எட்டுத் தவணைகள்தாம் மிகவும் கனமானவை. அன்பளிப்பு வாங்கியவர் யாரும் மாதாமாதம் 500 டாலர் திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பதில்லை.

எனக்கு உறுத்துவது 2023-இல் கொடுத்த 10,000. அந்த நேரத்தில் என்ன எழுதிக்கொண்டீர்கள் என்பதைத் தயவுசெய்து மறைக்காமல் சொல்லுங்கள்.

எடிசன்வாசி
மறைக்க ஒன்றுமில்லை; சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அவ்வளவுதான். வாடகை மூன்று மாதம் பாக்கி, கட்டட உரிமையாளர் பூட்டுப் போட்டுவிடுவார் என்று அவர் எழுதியிருந்தார். நான் ஸெல் என்ற பணம் அனுப்பும் சேவையில் 10,000 அனுப்பி, குறிப்பில் "ஹெல்ப்" என்று போட்டேன். பிறகு வாட்ஸாப்பில், "முதல்ல கடையைக் காப்பாத்துங்க, பணத்தைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்" என்று எழுதினேன். அதற்குப் பதிலாக மைத்துனி, "கடையில உங்களுக்கும் பங்கு இருக்கு மாமா" என்று எழுதியிருக்கிறாள். பங்குப் பத்திரமோ லாபத்தில் பங்கோ எதுவும் கிடையாது. அன்பாகச் சொன்ன சொல்.

கணக்குத்துணை
பங்கு என்ற சொல்லை முதலில் தீர்த்துவிடுவோம். கடையை நடத்திய அவர்கள் எல்.எல்.சி. நிறுவனம் உங்களுக்கு எந்த ஆண்டிலாவது ஷெட்யூல் கே-1 (பங்குதாரரின் லாப நட்டப் பங்கைக் காட்டும் படிவம்) அனுப்பியதா? இல்லையென்றால் அந்தக் கடையின் பங்குதாரராக வரித்துறையிடம் உங்களை யாரும் காட்டியதில்லை. 2021-இல் வயர் போனது கடைக் கணக்குக்கா, சகலையின் சொந்தக் கணக்குக்கா என்பதையும் பாருங்கள். சொந்தக் கணக்குக்குப் போயிருந்தால், முதலீடு என்ற வாதம் பெரும்பாலும் அடிபட்டுவிடும்.

ஆனால் அந்த 10,000-ஐ நான் காட்டமாட்டேன். திரும்பி வரும் என்று நம்ப நியாயமான காரணம் இருந்ததா என்பதை, பணம் கொடுத்த அன்றைய நிலையை வைத்தே பார்ப்பார்கள். முந்தைய கடனில் பதினைந்து மாதமாகத் தவணை வரவில்லை. கெடு முடிந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. வாடகை பாக்கி என்று அவரே சொல்கிறார். கெடுவும் இல்லை, தவணையும் இல்லை, "அப்புறம் பேசிக்கலாம்" என்ற சொல் மட்டும் இருக்கிறது.

சட்டப்பித்தன்
இதற்கு நேரான முன்மாதிரி, 2020-இல் வரி நீதிமன்றம் தீர்த்த போல்ஸ் எஸ்டேட் வழக்கு. அது வாராக்கடன் வழக்கல்ல, அன்பளிப்பு வரி பற்றியது. ஆனால் கேள்வி இதுவேதான். கட்டடக் கலைஞரான மகனுக்குத் தாய் பல ஆண்டுகளாகப் பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துவந்தார். எல்லாமே கடன் என்றது எஸ்டேட் தரப்பு. மகன் திருப்பித் தருவான் என்று தாய் நம்பிய 1989 வரையிலான தொகைகள் கடன், நம்பிக்கை போனபின் கொடுத்தவை அன்பளிப்பு என்று நீதிமன்றம் பிரித்தது. அதே தாய், அதே மகன், அதே கணக்கு ஏடு. இடையில் மாறியது எதிர்பார்ப்பு மட்டுமே.

இருந்தாலும் கணக்குத்துணை அவர்களோடு ஓர் இடத்தில் வேறுபடுகிறேன். அட்டவணை ஈ/எஃப்பில் சகலை 36,000 என்று எழுதியிருந்தால், 10,000-ஐயும் கடனாகவே அவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார் என்று வாதிட இடமிருக்கிறது.

கணக்குத்துணை
வாதிட இடமிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திருப்பித் தரும் எண்ணம் வாங்கியவருக்கு இருந்ததற்கு மட்டுமே அது சான்று. கொடுத்தவரின் எண்ணத்துக்கு "ஹெல்ப்" என்ற குறிப்பு எதிர்ச்சான்றாக நிற்கும். தணிக்கை வந்தால் அந்த ஒரு செய்தியை வைத்து முழு 36,000-ஐயும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடுவார்கள். 26,000-க்கு ஆவணங்கள் வரிசையாக நிற்கும்போது, 10,000-க்காக அதையும் பணயம் வைப்பானேன்? அன்பளிப்பு என்று கொண்டாலும் 2023-இல் ஒருவருக்கு 17,000 டாலர் வரை கொடுப்பதற்கு அன்பளிப்பு வரிப் படிவமான 709 தாக்கல் செய்யவே தேவையில்லை என்பதால், அந்தப் பக்கத்திலிருந்து உங்களுக்குச் சிக்கல் எதுவும் வராது.

உப்புக்காற்று
முன்பு அவசரப்பட்டுச் சொன்னதற்கு வருந்துகிறேன். ஒரு சந்தேகம். கடன் என்று இப்போது சொன்னால், வட்டி ஏன் வாங்கவில்லை, அந்த வட்டி வருமானத்துக்கு ஏன் வரி கட்டவில்லை என்று திருப்பிக் கேட்கமாட்டார்களா?

கணக்குத்துணை
சரியான கேள்வி. 7872-ஆவது பிரிவின்படி, 10,000 டாலருக்கு மேற்பட்ட வட்டியில்லாக் கடனுக்கு, வாங்காத வட்டியையும் வாங்கியதாகப் பாவித்து வரி கேட்க முடியும். ஆனால் உறவினருக்கு, நண்பருக்குக் கொடுத்த கடன் மொத்தம் 1,00,000 டாலருக்குள் இருந்தால், வரித் தவிர்ப்பு நோக்கம் இல்லாதவரை, அந்தப் பாவனை வட்டி, கடன் வாங்கியவரின் நிகர முதலீட்டு வருமானத்தைத் தாண்டாது. அந்த வருமானம் ஆண்டுக்கு 1,000 டாலருக்குள் இருந்தால் வட்டி பூச்சியம். வங்கியில் வட்டி வரும் வைப்பு எதுவுமின்றிக் கடை நடத்திய மனிதருக்கு அது பூச்சியமாகவே இருந்திருக்கும். இனிமேல் கொடுப்பவர்கள், அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். மாதந்தோறும் அறிவிக்கும் குறைந்தபட்ச வட்டி வீதத்தையாவது எழுதிக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை
இடையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் அமெரிக்காவில் வரி கட்டுபவன். மதுரையில் உள்ள நண்பருக்கு 8 லட்சம் ரூபாய் கொடுத்து, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய புரோநோட்டும் வாங்கியிருக்கிறேன். மூன்று ஆண்டு கடந்துவிட்டது, இனி வழக்குப் போட முடியாது என்கிறார்கள். இது வாராக்கடன் ஆகுமா?

சட்டப்பித்தன்
கடனாளி இந்தியாவில் இருப்பது தடையல்ல; பத்திரமும் இருப்பதால் கடன் என்று மெய்ப்பிப்பது உங்களுக்கு எளிது. ஆனால் உங்கள் நண்பர் இன்றும் வசதியாகக் கடை நடத்திக்கொண்டிருக்கிறார் என்றால், நீங்கள் வழக்குப் போடாமல் காலவரையறையைக் கடக்கவிட்டது உங்கள் முடிவு; அதனால் கடன் மதிப்பிழந்ததாகாது. அவரிடம் வசூலிக்க எதுவும் இல்லை என்பதை வேறு சான்றால் காட்டவேண்டும். வழக்குப் போட்டாலும் தேறாது என்று காட்ட முடிந்தால் வழக்கே தேவையில்லை என்று விதி சொல்கிறது. இந்திய வருமான வரியில் வட்டித் தொழில் செய்யாதவரின் கைமாற்றுக்கு இத்தகைய கழிவு கிடையாது என்பதால் அந்தப் பக்கம் தேட வேண்டாம்.

கணக்குத்துணை
எடிசன்வாசிக்குச் செய்முறை. 2024-க்குப் படிவம் 1040-எக்ஸ் மூலம் திருத்தக் கணக்குத் தாக்கல் செய்யவேண்டும். வழக்கமாக, கூடுதலாகக் கட்டிய வரியைத் திரும்பக் கேட்க மூன்று ஆண்டுதான் கெடு. வாராக்கடனுக்கு மட்டும் ஏழு ஆண்டு, அதாவது உங்களுக்கு 2032 ஏப்ரல் 15 வரை. ஆயினும் நட்டத்தை அது மதிப்பிழந்த ஆண்டில் மட்டுமே காட்ட முடியும், வசதியான ஆண்டில் அல்ல; திவால் விடுவிப்பு 2024 ஜூனில் வந்திருப்பதால் உங்களுக்கு அந்த ஆண்டு தெளிவாக இருக்கிறது.

மூலதன லாப நட்டத்தைக் காட்டும் படிவம் 8949-இன் முதல் பகுதியில் கடனாளியின் பெயரையும், வாராக்கடன் விளக்கம் இணைக்கப்பட்டுள்ளது என்ற குறிப்பையும் எழுதுங்கள். விற்பனைத் தொகை பூச்சியம், அடக்கவிலை 26,000. இணைக்கும் விளக்கத்தில் கடனின் தன்மை, தொகை, எப்போது தரவேண்டியிருந்தது, கடனாளி யார், உங்களுக்கு என்ன உறவு, வசூலிக்க என்ன செய்தீர்கள், ஏன் இனி வராது என்று முடிவுசெய்தீர்கள் என்பவை இருக்கவேண்டும். உறவை மறைக்காதீர்கள். பங்கு லாபம் எதுவும் இல்லையென்றால் எட்டு ஆண்டுகள் 3,000 வீதமும் ஒன்பதாம் ஆண்டு 2,000-உம் கழியும். ஊழியருக்கு நிறுவனம் ஊதியத்தின் பகுதியாகத் தரும் ஆர்.எஸ்.யூ. பங்குகள் கைக்கு வரும்போது சம்பளமாகக் கணக்காகும் தொகையோடு இதை நேர் செய்ய முடியாது. விற்கும்போது அதற்கு மேல் வரும் லாபத்தோடு முடியும்.

எடிசன்வாசி
அனைவருக்கும் நன்றி. பேசரில் எடுத்துவிட்டேன். அட்டவணையில் என் பெயர் இருக்கிறது. தொகை 36,000, "பர்சனல் லோன்" என்று எழுதியிருக்கிறார். 2021 வயர் அவருடைய சொந்தக் கணக்குக்குத்தான் போயிருக்கிறது. கே-1 ஒருபோதும் வந்ததில்லை. 26,000-ஐ மட்டும் காட்டுவது என்று முடிவுசெய்தேன். 10,000 நான் தெரிந்தே கொடுத்தது. அதைக் கடன் என்று எழுதக் கை வரவில்லை.

வாட்ஸாப் செய்திகள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியவை என்பதால் மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் கொடுத்தேன். வரைவு நேற்று வந்தது. "அண்ணா" என்று வந்த இடத்திலெல்லாம் மூத்த சகோதரர் என்று மொழிபெயர்த்திருக்கிறார். நான் இணைக்கும் விளக்கத்திலோ மனைவியின் தங்கை கணவர் என்று இருக்கிறது. இப்படியே போனால் உறவை மாற்றிச் சொன்னவனாக நானே மாட்டிக்கொள்வேன். அது வயதில் மூத்தவரை அழைக்கும் சொல் என்று ஓர் அடிக்குறிப்புச் சேர்க்கச் சொல்லி வரைவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.